இரண்டு வெதரும் ஒரு விதரும்

என் கண்ணு ரேவதிக்கு,

கந்தப்பளையில் மழை இன்னும் விடவில்லை. நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் உன் வேலை இப்போது என்னிடம். காய்ச்சலில் நீ கண்ணை மூடியபின் மேனேஜர் ஐயா கூப்பிட்டார். மேல்மாடியில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவளுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? வீட்டில் நீ சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

வெளியூரிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துவந்த அந்தக் கைடை நினைவிருக்கிறதா? கொழுந்து வாடினால் இங்கிலீஷில் விதர். வானிலைக்கு வெதர். ‘மழை வருமோ வராதோ’ என்கிறோமே, அந்த ‘ஓ’வுக்கு அவர்கள் போடும் சொல்லும் வெதர்தான். அவன் கூட்டத்தில் ஒருவர் கேட்டதை நீ மாற்றிப் புரிந்துகொண்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னான்: “மொதல்ல காதக் கழுவிட்டு வாங்க.”

 வீடு வந்ததும் கேட்டாய், “அண்ணி, எனக்கு எல்லாம் ஒண்ணாவே கேக்குது. என் காதுலதான் கோளாறா?”

எனக்கென்ன தெரியும்? சோறு போட்டேன்.

போன வாரம் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். அந்த அம்மா ஏதோ கேட்டார். என் காதில் விதர் என்று விழுந்தது. உற்சாகமாக மேல்மாடிக்கு ஏற்றிப்போய் வாடிக்கிடந்த கொழுந்தைக் காட்டினேன். அவரோ மூச்சு வாங்கிக்கொண்டே, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைக் காட்டி மறுபடி கேட்டார். அவர் கேட்டது வானிலையை!

எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அந்த அம்மா சிரித்தார். ஆனால் கூடச் சேர்ந்து சிரிக்கத் தோன்றுகிற சிரிப்பு. அந்தத் தைரியத்தில், தெரிந்த இங்கிலீஷில் கேட்டேவிட்டேன்: நீங்கள் எப்படித்தான் பிரித்துக் கேட்கிறீர்கள்?

விதருக்கு வாய் ஒடுங்கும், வெதருக்குக் கொஞ்சம் திறக்கும் என்று தன் வாயையே காட்டினார். சரி, அந்த இரண்டு வெதர்?

புருஷனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு வெதரைச் சொன்னார். எது? வானிலை என்றார் அவர். தப்பு. மறுபடி சொன்னார். மறுபடியும் தப்பு! பிறந்ததிலிருந்து அதையே பேசுகிறவர், ரேவதி! கையை விரித்துவிட்டார். எங்களுக்கும் ஒரே சத்தம்தான், பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறோம் என்றார் அந்த அம்மா.

உன் அண்ணனிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப நம்ம புள்ள காதுல ஒண்ணுமில்ல” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

எழுதும்போது வேறு வேறாக எழுதிவிட்டு, சொல்லும்போது ஏன் ஒன்றாகச் சொல்கிறார்கள்? ஒரு காலத்தில் வேறாகத்தான் சொன்னார்களோ? நீ இருந்திருந்தால் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவைக் கீழே இறங்கவே விட்டிருக்க மாட்டாய்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனி இந்தத் தொழிற்சாலைக்குள் எவளுடைய இங்கிலீஷைக் கேட்டு எவர் சிரித்தாலும், அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து இரண்டு வெதரையும் சொல்லுவேன். எது எதுவென்று அவர் சொல்லட்டும், பார்க்கலாம்.

உனக்கு அண்ணியாக வாய்த்த
கலா