கல்லுக்கு ஒரு கூரை

10-6-1957, திங்கள்

நகரசபையில் டிராப்ட்ஸ்மேனாக ஒன்பது வருஷம் முடிந்தது. விசேஷம் ஒன்றுமில்லை. மைக்கூட்டில் ஈ விழுந்தது.

தொழுநோய் ஆஸ்பத்திரியில் குணமாகி, திரும்பிப் போக வீடில்லாத இருபது பேருக்கு, சிங்காநல்லூர் சாலையில் இருபது அறைகள் கட்டப் போகிறோம். புண்ணுக்குக் கட்டுப் போட ஒரு கம்பவுண்டரும் உண்டு. அடிக்கல் போன மாதமே நட்டாயிற்று. பதினாறு உறுப்பினர்களின் பெயரும் அதில் இருக்கிறது. இனிமேல்தான், கட்டலாமா என்று பரிசீலிக்க ஒரு குழு.

அந்த இருபது பேரில் ஒருத்தி தெய்வாத்தாள். எல்லோரும் இப்போது இடிந்த சுங்கச்சாவடியில் இருக்கிறார்கள். அவளை ஆபீசுக்குள் விடமாட்டார்கள். என் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பிளானை விரித்துக் காட்டினேன்.

"இதுல என்ற ஊடு எதுங்க சாமி?"

பதினோராம் நம்பரைத் தொட்டேன்.

"சன்னல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மணி. கெழக்கே பாத்து."

விரல்கள் குறைந்த இரண்டு கைகளாலும் கும்பிட்டாள். பிளானைத்தான்.

24-6-1957

குழு கூடியது. தலைவர் வரதராஜுலு, மில்காரர். மரியாதைக்குப் பேர் போனவர். யாரிடமும் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. உறுப்பினர் நஞ்சுண்டனுக்கு அந்த மனைக்கு மேற்கே தோட்டம்.

"அவங்க நல்லா இருக்கோணுமுங்க," என்றார் நஞ்சுண்டன். "ஆனா காத்துன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

காற்று மேற்கிலிருந்து வருகிறது, ஊரையும் தோட்டத்தையும் தாண்டித்தான் மனைக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அம்பை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னைக்கு அப்படிப் போகுதுங்க. ஒரு நாளைக்கு அது மனசு மாறிச்சுன்னா?"

காற்றின் மனமாற்றத்தை முன்னிட்டு இரண்டு வரிசை வேம்பு நடத் தீர்மானம். அதற்கு இடம் வேண்டுமே. ஆறு அறைகள் போயின. பதினோராம் நம்பர் தப்பியது.

15-7-1957

குழு பார்வையிட வரும்போது எங்கே உட்காரும்? இதை நான் யோசிக்கவே இல்லை. வரதராஜுலு யோசித்திருக்கிறார். "நாம வெயில்ல நின்னா அவங்க மனசு சங்கடப்படுமுங்க." ஆகவே ஒரு பார்வையாளர் அறை, அதற்கு வராந்தா, தனி வாசல். மிச்சம் ஒன்பது அறைகள்.

பதினொன்று போய்விட்டது.

தெய்வாத்தாள் வந்தாள். பிளானைச் சுருட்டி மேஜைக்கடியில் தள்ளினேன். "மை காயலீங்க அம்மணி." பொய்.

டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினாள். "எனக்குக் கொணமாயிப்போச்சுன்னு எழுதிக் குடுத்துப்போட்டாருங்க. இந்த ஊருக்குத்தான் இன்னும் யாரும் எழுதிக் குடுக்கலீங்க."

இதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வழியில்லை.

5-8-1957

மேற்பார்வையாளருக்கு வீடு, சமையல் கட்டோடு. மிச்சம் நாலு அறைகள். இருபது பேரில் நாலு பேரை யார் பொறுக்குவது? அதற்கு ஒரு துணைக்குழு. அடுத்த வருஷம் கூடும்.

19-8-1957

இரண்டு நாளாக மழை. சுங்கச்சாவடியின் கூரை பாதி விழுந்துவிட்டது. தெய்வாத்தாள் ஜன்னலுக்கு வந்தாள்.

"மிச்சத்துக்குக் கீழ மொற வெச்சுத் தூங்கறோமுங்க. பிளான் மை காஞ்சிருச்சுங்களா?"

என்ன எழவு வேலை இது! கோடு போடக் கத்துக்கிட்டது இதுக்குத்தானா?

26-8-1957

அவசரக் கூட்டம். கூரைக்காகத்தான் என்று நம்பி ஓடினேன். கல்லுக்காக.

மழையில் அடிக்கல்லின் கறுப்பு மை கரைந்து, வரதராஜுலு பெயரில் பாதி காணவில்லை. போதாததற்கு ஆடுகள் வந்து முதுகு சொறிகின்றன. நஞ்சுண்டனுக்குக் குரல் நடுங்கியது. "அது அங்க நனஞ்சுட்டு நிக்கறப்ப, நாம ஊட்டுல நிம்மதியாத் தூங்க முடியுமுங்களா?"

எவ்வளவு ஈரமான நெஞ்சு! கல்லுக்கு மண்டபம் கட்ட ஒருமனதாகத் தீர்மானம். வருஷா வருஷம் விழா எடுக்க வேண்டும். பதினாறு பேரும் மாலையோடு நிற்க இடம் வேண்டும். நாளைக்கே பிளான் வேண்டும்.

27-8-1957

வரைந்தேன். நாற்பதடிக்குப் பதினாறடி. நாலு பக்கமும் சுவர், கல்லில் சாரல் படாமலிருக்க. கிழக்கே ஜன்னல்கள், காலை வெயில் பெயர்களின் மேல் விழ. கல்லைக் கழுவக் குழாய். விழாச் சுண்டலுக்கு அடுப்பும் புகைபோக்கியும். இரவு பகலாகக் கல்லைக் காக்க அங்கேயே தங்கும் ஆட்கள், சம்பளமில்லாமல், இருபது பேர். பெயர்ப் பட்டியல் இணைப்பில்.

மை காய்ந்ததும் சுருட்டினேன்.

29-8-1957

இரண்டு நிமிஷத்தில் நிறைவேறியது. இணைப்பை யாரும் புரட்டவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நஞ்சுண்டனுக்கு ஒரே ஒரு சந்தேகம்: "சுண்டலுக்கு ஒரு அடுப்புப் போதுமுங்களா?"

இரண்டாக்கினேன்.

18-11-1957

மண்டபம் முடிந்து, சுங்கச்சாவடியிலிருந்த இருபது பேரும் வெள்ளிக்கிழமை குடிவந்துவிட்டார்கள். காவலுக்கு.

2-12-1957

நஞ்சுண்டன் மண்டபத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சபைக்குத் தன் தீர்மானத்தைத் தானே குறை சொல்லும் வழக்கம் இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அதான் குடியிருக்கறாங்களே. இனி ரூமு எதுக்குங்க?"

திட்டம் நிறைவேறிவிட்டதாக ஒருமனதாகத் தீர்மானம். துணைக்குழு கலைந்தது. அந்த நாலு அறையும் போயிற்று. என்னை எல்லோரும் பாராட்டினார்கள்.

என் புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. அவங்களுக்குச் சாக்கு எழுதிக் குடுத்ததே நான்தானே?

8-12-1957, ஞாயிறு

மண்டபத்துக்குப் போனேன். நடுவில் கல், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று. அதன் மேல் யாருடைய துண்டோ காய்கிறது.

"மழ உள்ள வரலீங்க சாமி," என்றாள் தெய்வாத்தாள்.

பதினோராம் நம்பர் ஜூலையிலேயே போய்விட்டது என்று சொன்னேன்.

"தெரியுமுங்க. மை காய அஞ்சு மாசமா ஆகும்?"

தரையில் கரிக்கோடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நம்பர், இருபது வரை. பதினொன்று கிழக்கு ஜன்னலடியில். கரியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து அவளே போட்டிருக்கிறாள், எல்லாம் கோணல்.

"நீங்க கோடு போடறவருதானுங்க? இதக் கொஞ்சம் நேராப் போட்டுக் குடுங்க. சாக்குக் கட்டி மறச்சுக்குவோம்."

நாளை கோடு போடும் டீ-ஸ்கொயரை எடுத்துப் போக வேண்டும். சபைச் சாமான்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பரிசீலிக்க நேரமில்லை.