பெயரெழுதாத பை

அக்டோபர் 6, வெள்ளி

நகராட்சிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பற்றிப் புகார் கொடுத்தது நான் அல்ல. இந்தத் தெருவில் வேறு யாரும் இதை எழுதி வைக்கப் போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். படிக்கட்டின் உச்சியில் இருக்கும் மொரிதா வீட்டுப் பெண் சிஹோவின் குப்பைப் பையை அவள் வாசலில் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டு படி, எண்பது வயது. புகார் செய்கிறவள் தொலைபேசியை எடுப்பாள், படியேற மாட்டாள்.

மீன்கடை உரகாவா அம்மா இன்று கேட்டே விட்டார். "என்னங்க இவநாகா அம்மா, ஆபீஸ்காரங்க வந்து அந்தப் பொண்ண விசாரிச்சாங்களாமே? நீங்கதான் சொன்னீங்கன்னு ஊரெல்லாம் பேச்சு."

"பேச்சு எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். இதோ, இந்த மீன் வெட்டுற பலகையிலதான்."

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். மதியம் முட்டையோடு சரி.

அக்டோபர் 7, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இந்த வருடம் எங்கள் பத்து வீட்டுக் குழுவுக்கு நான் தலைவி. விதி எளிது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், பெயரெழுதிய பையை, படிக்கட்டின் அடியில், என் வீட்டுக்கு எதிரே, காக்கை கொத்தாமல் மூடும் வலைக்குள் வைக்க வேண்டும். முந்தைய மாலையே வைத்தால் பொழுது விடியும்போது காக்கைகள் வேலையை முடித்திருக்கும். இந்தச் செவ்வாய் அப்படித்தான் ஒரு பை கிழிந்து கிடந்தது. பெயர் இல்லை. யாருடையது என்று பார்க்கப் பிரித்தேன். தலைவர்கள் செய்வதுதான்.

உள்ளே பெரியவர்களுக்கான டயப்பர்கள். மாத்திரை உறைகள், கட்டுக்கட்டாக. குழந்தை தின்ற தயிர்க் கிண்ணங்கள். அடியில் கசக்கிய பள்ளித்தாள் ஒன்று: 'மேற்படிப்பு விருப்பம். மொரிதா சிஹோ, பதினோராம் வகுப்பு.' முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம், மூன்றும் வெறுமை. 'பிற' என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதி அழித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிந்தது: 'பள்ளியிலிருந்து விலகுதல்.' அக்டோபர் 31-க்குள் தர வேண்டுமாம்.

தாளை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்? தெரியவில்லை. பையை மட்டும் மேலே கொண்டுபோய் வைத்தேன். பிறகு, வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகையில் எழுதினேன்: 'முந்தைய மாலையே குப்பை வைப்பவர்கள் நம் எல்லோரையும் அவமதிக்கிறார்கள்.' பெயர் போடவில்லை. பத்து வீட்டில் பெயர் எதற்கு?

அக்டோபர் 10, செவ்வாய்

மொரிதா வீட்டுப் பை வரவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

இன்றும் வரவில்லை. பலகை திரும்பி வந்தது. படித்ததற்கு அடையாளமாக எல்லா வீட்டு முத்திரையும் இருந்தது. மொரிதா கட்டத்தில் கோணலாக, மை வெளியே பரவும் அளவுக்கு அழுத்தி. கோபமாகக்கூட முத்திரை குத்த முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

திருப்பலி முடிந்து படியேறினேன். மூன்று இடத்தில் நின்றேன்.

கதவைத் திறந்தது தங்கை கொஹாரு, நாலு வயது. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அக்கா! குப்பைப் பாட்டி வந்திருக்கு!"

செருப்பு கழற்றும் இடத்தில் ஐந்து பைகள் அடுக்கியிருந்தன. சிஹோ வந்தாள். கையில் சோப்பு நுரை.

"தப்புதாங்க. இனிமே வைக்க மாட்டேன்."

"வைக்காம என்ன பண்ணுவே? வீட்டுக்குள்ளயே அடுக்குவியா?"

"காலையில அம்மாவத் துடைச்சு விட்டு, இவளுக்கு ஊட்டி, பாலர் பள்ளியில விட்டுட்டு ஓடணும். ஒரு கையில இவ, ஒரு கையில புத்தகப் பை. மூணாவது கை எனக்கு முளைக்கலீங்க."

"விசாரிக்க வந்தாங்களாமே, அது நான் இல்ல."

"அவங்கள எங்க டீச்சர்தான் அனுப்பினாங்க. உதவி கேக்கன்னு காகிதமும் குடுத்தாங்க, நிரப்பச் சொல்லி. எல்லாரும் காகிதந்தான் குடுக்கறாங்க."

உள்ளிருந்து மெல்லிய குரல்: "யாரு, சிஹோ?"

"யாருமில்லம்மா. குப்பை விஷயம்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஏப்ரன் முடிச்ச நேரா கட்டு" என்றேன். சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ச்சே. எம்பது வருஷத்துல கத்துக்கிட்டது இவ்ளோதானா?

அக்டோபர் 18, புதன்

நான் படித்த கான்வென்டின் மணி நினைவாகவே இருக்கிறது. மெழுகு தேய்த்த தரையின் வாசனை, கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுப்பது, ஜன்னலுக்கு வெளியே கமேலியா மரம், பனிக்காலத்தில் கையைக் கடிக்கும் அந்த மணிக்கயிறு. எட்டு இருபதுக்கு நான்தான் அடிப்பேன். இந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்: நேரம் தவறாதவளுக்குத்தான் மணிப் பொறுப்பைத் தருவார்கள் என்று. என் கணவர் செய்ஜியிடமும் அப்படியே சொன்னேன். "உன்னப் பார்த்துத்தான் அங்க கடிகாரத்தயே திருத்துவாங்க போல" என்று கேலி செய்வார். நம்பிக்கொண்டேதான் இறந்தார்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அணுகுண்டு விழுந்த பிறகு அம்மா பதினான்கு வருடம் இருந்தாள். கடைசி வருடம் படுக்கையில். அவளுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, துவைத்துப் போட்டுவிட்டு ஓடுவேன். தினமும் தாமதம். தாமதமாக வருபவர்கள் வாசல் படியில் நிற்க வேண்டும். நாற்பத்தொரு நாள் நின்றேன்.

ஒருநாள் சிஸ்டர் கதாயாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில், "இனிமே மணி உன் பொறுப்பு. நீ அடிச்சாத்தான் பள்ளிக்கூடம்" என்றார்.

மணியடிக்கிறவளுக்குத் தாமதமே கிடையாது. அவள் வந்த பிறகுதானே மணி. எட்டு இருபத்தைந்து, எட்டு முப்பது, ஒருநாள் எட்டு நாற்பதுகூட. சிஸ்டர் வாசலில் நின்று கமேலியா மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முந்நூறு பெண்களும் காத்திருந்தார்கள்.

அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடம் வேறு மாதிரி சொன்னேன்.

அக்டோபர் 19, வியாழன்

பலகையில் புதிய அறிவிப்பு: 'இனி முந்தைய மாலையிலும் பைகளை இவநாகா வீட்டுக் கொட்டகைக்குள் வைக்கலாம். காலையில் நானே எடுத்து வலைக்குள் வைப்பேன். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.'

உரகாவா அம்மா முத்திரை குத்திக்கொண்டே சிரித்தார். "எட்டு அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாலும் எம் பையத் திருப்பி அனுப்பின ஆளா இது? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லா இருக்கு. ரெண்டு சாளை குடுங்க."

அக்டோபர் 23, திங்கள்

மாலையில் உரகாவா அம்மாவின் பை மட்டும் வந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறார். மீன் செதில் நாற்றம்.

அக்டோபர் 26, வியாழன்

மாலை ஆறரை மணிக்குக் கொட்டகையில் சத்தம். நான் வெளியே போகவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, பாத்திரம் கழுவுகிறவள்போல் குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே சின்னவள் கேட்டாள்: "குப்பைப் பாட்டி தூங்கிட்டாங்களா?"

"ஸ்ஸ். இவநாகா அம்மான்னு சொல்லு."

அவர்கள் போன பிறகு பார்த்தேன். ஆறு பைகள். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால், நேரான எழுத்தில்: மொரிதா.

அக்டோபர் 27, வெள்ளி

ஆறு பையையும் நானே வலைக்குள் வைத்தேன். பிறகு சிஹோவின் அந்தப் பள்ளித்தாளை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தேன். சுருக்கம் முழுதும் போகவில்லை. ஒரு கடிதத்தோடு உறையில் போட்டு, அடுத்த சுற்றுக்கான பலகையில் செருகினேன். இந்தத் தடவை முதல் வீடாக அவள் வீட்டுக்கு, நானே ஏறிப்போய்க் கொடுத்தேன். கடிதத்தின் நகல்:

'மொரிதா சிஹோவுக்கு,

உன் பையைப் பிரித்தேன். இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கும், பலகையில் எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள் என்று போட்டிருக்கிறது. அழித்த கட்டத்தை மறுபடி நிரப்பும் முன் இதைப் படி.

வாரநாளில் தினமும் காலை ஏழு மணிக்கு உன் வாசலுக்கு வருகிறேன். கொஹாருவைப் பாலர் பள்ளியில் நான் விடுகிறேன். பிறகு திரும்பி வந்து, பராமரிப்பு உதவியாளர் ஒருவர் கிடைக்கும்வரை உன் அம்மாவோடு மதியம்வரை இருப்பேன். நானும் பதினாறு வயதில் என் அம்மாவைத் துடைத்துவிட்டவள்தான். டீச்சர் கொடுத்த காகிதங்களையும் கொண்டு வா, சேர்ந்து நிரப்புவோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வேண்டுமா, வேண்டாமா? எதுவானாலும் எனக்குக் கோபமில்லை. முத்திரை மட்டும் குத்தி அனுப்பாதே. கீழே இடம் விட்டிருக்கிறேன். பதிலை எழுதி அனுப்பு.'