பல்லிக்கூட வாசல்

ஜூன் 9, திங்கள்

டேப்லெட்டுகள் பள்ளிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் என் எட்டாம் வகுப்புக்கு முறை வந்தது. உள்ளே இருப்பது ஒரே விளையாட்டு. பழத்தின் படத்தைக் காட்டி, நடுவில் ல, ள, ழ எது வரும் என்று கேட்கிறது. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. மூன்றையும் தொட்டுப் பார்த்து, பச்சை வந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. வாயைத் திறந்தால் 'பலம்'.

தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா டீச்சர், என்ன முன்னேற்றம்!" முன்னேற்றமாம்.

ஜூன் 12, வியாழன்

வானொலி வரவில்லை. அவள் இல்லாமல் வகுப்பு செத்துக் கிடந்தது.

ஜூன் 13, வெள்ளி

வானொலியின் அம்மா வந்தார். சலவைக்கூடத்தில் வேலை, சீருடையோடு அப்படியே வந்திருந்தார்.

வானொலிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள், என் குரல் உட்பட. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் வானொலி. இந்த வருஷம்தான் அடம்பிடித்துத் தனியாகப் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். புதன்கிழமை வீட்டுக்குப் போகும்போது குழாயடியில் இறங்க வேண்டியவள் குளத்தடியில் இறங்கிவிட்டாள். அங்கே நடைபாதை கிடையாது, லாரி போகிற சாலை. யாரோ கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

"போதும் டீச்சர். விடுதியோட இருக்கிற ஸ்கூல்ல சேத்துடறேன். மாசத்துக்கு ஒரு தடவ பாத்தாலும் உசுரோட பாப்பேன்ல?"

பக்கத்தில் நின்ற வானொலிக்கு மூக்கு விடைத்தது. "நான் தப்பா இறங்கலம்மா. பஸ்ஸுதான் தப்பா சொல்லுச்சு."

காலாண்டுத் தேர்வு வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அதுவரை சித்தி கூட வருவாளாம். வானொலி கோலைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டு போனாள். கூட ஆள் வருவதும் அவளுக்குத் தண்டனைதான்.

ஜூன் 16, திங்கள்

இன்று அந்தப் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் போய்வந்த பஸ். ஒரு நாளாவது அந்த இயந்திரக் குரலைக் காதில் வாங்கினேனா?

"அடுத்த நிறுத்தம், புலியமரம்." "அடுத்த நிறுத்தம், பல்லிக்கூட வாசல்." புளிய மரத்தில் புலி ஏறிவிட்டது. நான் பாடம் நடத்துவது பல்லிகளுக்கு! சிரித்துக்கொண்டிருந்தேன், குளத்தடி வரும் வரை. என்ஜின் இரைச்சலில் நடுவெழுத்தை விழுங்கி 'குல…டி' என்றது. குழாயடிக்கும் அதே 'குல…டி'. கண்ணைத் திறந்துதான் எது எது என்று தெரிந்துகொண்டேன்.

அவளால் திறக்க முடியாதே. இதைச் சரிசெய்யாமல் விட மாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பில் சொன்னேன். டேப்லெட்டில் ஒலிப்பதிவு இருக்கிறது, நாமே அறிவிப்புகளைப் பேசிப் பதிவோம், பஸ் பணிமனையில் கொண்டுபோய்க் கொடுப்போம். 'பல்லிக்கூடம்' என்றதும் கூரை பிய்த்துக்கொண்டது.

வானொலி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்காகன்னா வேண்டாம் டீச்சர். பாவம் பாத்து யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்."

"வேற எதுக்கு?"

"தப்பா சொல்லுது, அதான். கண்ணு தெரியறவங்க ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கறீங்க, அவ்வளவுதான். தப்பு தப்புதானே?"

சரிதானே? நான்தான் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் உருகிக்கொண்டிருந்தேன். அசிங்கமாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

பேச்சுப்போட்டியில் எப்போதும் பரிசு வாங்குகிற பையனைப் பிள்ளைகள் 'மேடை' என்பார்கள். முதலில் அவன்தான் பேசினான். "அன்பார்ந்த பயணிகளே…" வானொலி கையை உயர்த்தி நிறுத்தினாள். "நீ முடிக்கிறதுக்குள்ள பஸ் டிப்போக்கே போயிடும்."

அவள்தான் இப்போது நீதிபதி. வகுப்பில் தேன் மாதிரி இருந்த பதிவுகள், பஸ் இரைச்சலைச் சேர்த்துப் போட்டால் காணாமல் போகின்றன. ஊர்ப்பட்ட தடவை மாற்றி, கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: பெயரை முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி சொல்ல வேண்டும். 'குழாயடி. குழாயடி, ரேஷன் கடைப் பக்கம்.'

கடைசி வரிசைப் பெண் ஒருத்திக்கு ழகரமே வராது. கேலிக்குப் பயந்து வாயே திறக்க மாட்டாள். டேப்லெட்டின் முன்பக்கக் கேமராவை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, நாக்கு எங்கே மடிகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே. பச்சையும் சிவப்பும் இல்லாமலேயே.

ஜூலை 3, வியாழன்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். விளையாட்டில் என் வகுப்பின் மதிப்பெண் அடிமட்டத்துக்குப் போய்விட்டதாம். பஸ்ஸில் பதிவுசெய்ய என்று பள்ளி நேரத்தில் யாரும் வெளியே போகக் கூடாதாம். "டேப் குடுத்தது பாடத்துக்கு, பஸ்ஸுக்கு இல்ல."

"இதான் சார் பாடம். ழகரத்த தப்பா சொன்னா ஒரு பொண்ணு லாரியில அடிபடுவா. இதவிடப் பெரிய இலக்கணம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"உங்களுக்கு வாய் ஜாஸ்தி டீச்சர்."

ஆமாம், ஜாஸ்திதான். என்ன இப்போ? சம்பளம் வாங்கறதே வாய்க்குத்தானே!

ஜூலை 4, வெள்ளி

பள்ளி நேரத்தில் போகக் கூடாது என்றுதானே சொன்னார்? பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போவதை யார் தடுக்க முடியும்? அதே பஸ்தான். டேப்லெட்டுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் ஏறினேன்.

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். "வேலை போச்சுன்னா பஸ்லயே அறிவிப்பு சொல்லப் போயிடு. வீட்ல ஒத்திகை நிறைய ஆயிருக்கு" என்கிறார். சிரித்தாலும், கொஞ்ச நேரம் கழித்து, "நிஜமாவே ஏதாச்சும் பண்ணிடுவாரா?" என்று கேட்டார். தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. நிறுத்தப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு பணிமனைக்குப் போனேன். மேலாளர் நல்லவர் மாதிரி பேசி நழுவப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லம்மா. நல்லா தெளிவாத்தானே சொல்லுது?"

வானொலி டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். "ஒரு சின்னச் சோதனை சார். எந்த ஸ்டாப்னு சொல்லுங்க." பஸ்ஸுக்குள்ளே பதிந்த இயந்திரக் குரல் ஓடியது.

"குளத்தடி" என்றார்.

"இன்னொண்ணு."

மேலாளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஆங், இது குழாயடி. ரெண்டும் நல்லா வித்தியாசம் தெரியுதே?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ஒரே பதிவத்தான் ரெண்டு தடவ போட்டேன்."

மேடை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். மேலாளரின் முகம் போன போக்கு! இந்தச் சோதனை எனக்கே தெரியாது, பிள்ளைகள் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள். பிறகு எங்கள் பதிவைப் போட்டோம். அவர் உடனே தொழில்நுட்ப ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

ஜூலை 16, புதன்

தலைமையாசிரியரிடமிருந்து குறிப்பாணை வந்தது. விளக்கம் கேட்டு. விளக்கம்தானே? பக்கம் பக்கமாகத் தருகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பஸ்ஸில் எங்கள் குரல்கள்! குழாயடியைச் சொல்வது அந்தக் கடைசி வரிசைப் பெண். 'ழா'வில் நாக்கு மடிகிற சுகம் எனக்குள் கேட்டது. பணிமனையில் எடுத்த படம் பள்ளிப் பலகையில் தொங்குகிறது. அன்று வராதவர் நடுவில் நிற்கும்படி மறுபடி ஒரு படம் எடுத்தார்கள். யார் என்று சொல்லவும் வேண்டுமா? குறிப்பாணையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஆனால் சித்தி இன்னும் கூட வருகிறாள். "குரல் மாறினா ரோடு மாறிடுமா டீச்சர்?" என்கிறார் அம்மா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வானொலியின் அம்மா வேலை முடிந்து பள்ளி வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"கண்ண மூடிட்டு வந்தேன் டீச்சர், குழாயடியிலேருந்து இங்க வரைக்கும். பயந்து செத்தேன். ஆனா திறக்கல. சரியா இறங்கிட்டேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம்.

"திங்கக்கிழமைலேருந்து தனியா வரட்டும்."

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் பாடவேளை பாதி ஆகிவிட்டது, வானொலியைக் காணோம். அம்மாவுக்குப் போன் போட்டால் காலையிலேயே கிளம்பிவிட்டாளே என்கிறார். நான் செருப்பை மாட்டும்போது வாசலில் கோல் தட்டும் சத்தம்.

"எங்கடி போன?"

"சந்தை வாசல்ல இறங்கினேன் டீச்சர்."

"ஐயோ, மறுபடியும் தப்பா சொல்லுச்சா?"

"இல்ல, சரியாத்தான் சொல்லுச்சு. தெனமும் பேர மட்டும் கேக்கறேனே, அங்க என்னதான் இருக்குன்னு பாக்க இறங்கினேன். சுத்திட்டு அடுத்த பஸ்ல வந்துட்டேன்."

"ஊர் சுத்தினியா? அம்மா அங்க துடிச்சுக்கிட்டு இருக்காங்க!" கத்தினேன். மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் தலைநிமிர்ந்து, காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குத் தகவல் சொன்னேன். வருகைப் பதிவில் 'தாமதம்' போட்டேன். மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதைப் போலவே, பாடவேளை முடியும்வரை வெளியே நில் என்றேன். "சரி டீச்சர்" என்று போய் நின்றாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு, நான் திட்டியதை என் குரலிலேயே, ஒரு வார்த்தை விடாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.