கேட்காமல் வந்த மொழி

கார்கார், செபுத் தீவு
1940, மார்ச்

அன்பு மகன் பெர்ஃபெக்தோவுக்கு அம்மா எழுதுவது.

நல்லபடியாக மணிலா போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ கப்பலேறிய மறுநாளே மாப்பிள்ளை லியோன்சியோவின் வீட்டார் ஆள் அனுப்பி, நம் வீட்டுத் தூணில் கட்டியிருந்த பன்றியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கள்ளுப்பானைகளையும் விடவில்லை. உன் தங்கை சாலுத்தைப் பெண் கேட்டுக் கொண்டுவந்த சீர், தெரு பார்க்கத் திரும்பிப் போனது.

அவர்களுக்காகப் பேச வந்த தாசியோ முறைப்படி பாட்டாகவேதான் ஆரம்பித்தார். "உங்க தோட்டத்துல ஒரு பூ இருக்காமே, அக்கா?" என்று கேட்டால், "பூவா? இங்க முள்ளுதான் இருக்கு, வேற வீடு பாருங்க" என்று இரண்டு தடவை விரட்டிவிட்டு, மூன்றாவது தடவை இறங்கி வரவேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பதில் அண்ணன் சொல்லவேண்டியது. நீயோ எழுந்து நின்று மணிலாக்காரர்களின் தகாலோக் மொழியில் பிரசங்கம் செய்தாய்! எனக்கே பாதி புரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் தெரியுமா? "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லுங்க. நாங்க பட்டிக்காடுதான், அதுக்காகப் புரியாத பாஷையில வையணுமா?" என்று. நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

"நாட்டுக்கு ஒரு மொழி வேணும்மா, நம்ம வீட்டுலேர்ந்தே ஆரம்பிப்போம்" என்று துறைமுகத்தில் பெரிதாகச் சொன்னாயே. வேண்டாமென்று நான் எங்கே சொன்னேன்? ஸ்பெயின்காரன் மொழியில் ஜெபித்தோம், அமெரிக்கன் மொழியில் கணக்குப் படித்தோம். நம்முடையது ஒன்று வரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் தலைநகரத்தில் பேசுவதுதான் தேசத்தின் மொழி என்றால், நாளைக்கு அவர்கள் தின்பதுதான் தேசத்தின் சோறு என்பீர்கள். சோளச்சோறு தின்கிற நாங்கள் யார்? வந்தேறிகளா? வயிறு எரிகிறது எனக்கு.

ஒரு பெண்ணைக் கேட்கவே வீடேறி வந்து, விரட்டினாலும் முகம் சுளிக்காமல் நிற்கிறார்கள். இத்தனை தீவுகளின் நாக்கைக் கேட்க, தேசத்துக்கு மொழி தேடுகிற உன் அலுவலகத்திலிருந்து யார் எங்கள் படியேறினார்கள்? அறிவித்தீர்கள், அவ்வளவுதான். கேட்டிருந்தால் நாங்கள் ஒரேயடியாக மாட்டோம் என்றிருக்க மாட்டோமடா. இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை சரி என்றிருப்போம்.

சாலுத் சரியாகச் சாப்பிடுவதில்லை. "என் கல்யாணப் பேச்சுல எனக்கே ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தேன்மா" என்று ஒருமுறை சொன்னாள். நான் வெட்கத்தை விட்டு தாசியோ வீட்டுக்குப் போய் நின்றேன். ஈஸ்டர் கழிந்து இன்னொரு தடவை அழைத்து வருகிறாராம், ஆனால் அண்ணன்தான் பதில் சொல்லவேண்டுமாம்.

உன் படிப்பையும் உத்தியோகத்தையும் கன்னிமாதா காக்கட்டும். கோபத்தில் எழுதினேன், பெற்றவள் கோபம் பிள்ளையை ஒன்றும் செய்யாது. வா, மகனே. வந்து அவர்கள் முன்னால் எழுந்து நின்று, முதலில் மாட்டேன் என்று சொல். நம் மொழியில் சொல்.

உன் அம்மா,
யுஸ்தாக்கியா