சேராத ரத்தம்

12-12-1961, செவ்வாய்

நடராஜன் இன்று வேலூரிலிருந்து வந்து, பகலெல்லாம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பினான். கல்லூரி நாளில் நானும் அவனும் இந்த மலைச் சுனைகளில் முழங்கால் தண்ணீரில் நின்று தவளைகளை ஆராய்ந்தோம். நான் இன்னும் அதே சுனையில்தான் நிற்கிறேன், பள்ளிக்கூட வாத்தியாராக. அவன் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த ஆராய்ச்சி செய்கிறான்.

“அப்போ எந்த உயிரு எதோட சேர்ந்து பொழைக்கும்னு பாத்தோம். இப்போ எந்த ரத்தம் எதோட சேரும்னு பாக்கறேன். ரெண்டும் ஒரே வேலைதாம்மா” என்றான் என் மனைவி சாரதாவிடம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நான் தவளை என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறவள்.

புரட்டாசியில், நடராஜனின் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவத்தின்போது, அவளுக்கு ரத்தம் ஜாஸ்தி போய்விட்டது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தும் என் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. சோதித்துச் சொன்னவன் அவன்தான். உடனே படுத்துக் கையை நீட்டியவனும் அவன்தான். அவன் மட்டும் இல்லாவிட்டால்... எனக்குத் தெரியாதா என்ன?

“இனிமே நாம ரத்த சொந்தம்மா” என்று இன்று சாப்பிடும்போது சிரித்தான்.

“அப்போ இவரு?” என்றாள் அவள்.

மூவரும் சிரித்தோம். அவன் இலையில் மட்டும் இன்னொரு கரண்டி நெய் விழுந்தது.

சாரதாவும் குழந்தையும் தூங்குகிறார்கள். புரட்டாசியில் ஏற்றிய ரத்த அணுக்கள் உடம்பில் நாலு மாதத்துக்கு மேல் தங்காதாம். அதையும் அவன்தான் சொன்னான்.

தை பிறக்கட்டும்.