பந்து இல்லாத இடத்துக்கு நீ ஓடியது

நோர்பரி, லண்டன்
15 யூன் 1992, திங்கட்கிழமை

என் அன்பு மகன் எமிலுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவரின் இரக்கத்தால் இங்கே நானும் உன் அக்கா இம்மாகுலேற்றும் பெனடிக்ற் அத்தானும் சுகம். உன் சுகத்தை வலது முழங்காலில் தொடங்கி ஒழுங்காக எழுதி அறியத்தரவும், ரெலிபோனில் நீ சொல்லும் “பரவாயில்லை” எனக்குப் போதாது. அத்தானுக்குக் கவுன்சில் வேலையில் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லும்போதெல்லாம் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அதே கவுன்சிலுக்கு எங்கள் தெருவிளக்கைப் பற்றி நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை, நாலாவதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் நீ ரெலிபோன் எடுத்து, “அம்மா, கிளப் என்னை விட்டிட்டுது, இனி விளையாட்டு இல்லை” என்றபோது நான் “நல்லது” என்றேன். நீ மூச்சை இழுத்து விட்டது கேட்டது, பிறகு “சரி அம்மா, வைக்கிறன்” என்றாய், அன்றிலிருந்து அக்காவோடு மட்டும்தான் கதைக்கிறாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் எழுதினால் மிச்சத்தை நீ வாசிக்கமாட்டாய். அதே பேஸ்பால் கிளப் வருகிற வசந்தகாலத்திலிருந்து மொன்ரானாவில் இருக்கும் தங்கள் ஆகக் கீழான அணிக்கு உன்னை உள்மைதானக்காரரைப் பழக்கும் இன்பீல்ட் கோச்சாக வரச்சொல்லிக் கேட்டிருப்பதும், யூலை முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும் என்பதும், நீ அதை விட்டுவிட்டு யாரோ சினேகிதனின் கம்பளக் கடையில் சேர யோசிப்பதும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் வேண்டாமாம் என்று கேட்டேன். “வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை எண்டு அம்மாதானே சொல்லுறவா, எண்டு சொல்லுறான்” என்றாள். ஓம், சொன்னேன்தான். கலிபோர்னியாவில் உன் அப்பா கல்லூரிக் கணிதத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துத் திருத்தும்போது அவரைச் சீண்டுவதற்குச் சொல்வேன், அவரும் “வக்கு இருந்திருந்தால் உன்னைக் கட்டியிருப்பேனா” என்று சிரிப்பார். எட்டு வயதில் நீ அதைக் கேட்டு வைத்துக்கொண்டு முப்பத்துநாலு வயதில் என்னிடமே திருப்பித் தருவாய் என்று நான் நினைக்கவில்லை.

அக்காவிடம் அதைக் கேட்ட அன்று எனக்கு ஒரு வெட்கம் வந்தது தம்பி. பதின்மூன்று வருடமாக நீ என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் செய் என்றோ விடு என்றோ சொல்வது சரியா? கொன்வென்ரில் மதர் எங்களுக்குப் படிப்பித்தது, அறியாததைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதே, போய்ப் பார் என்று. ஆகவே நூலகத்தில் பேஸ்பால் பற்றி இருந்த ஒரேயொரு புத்தகத்தை எடுத்து வாசித்தேன், வாசித்தும் விளங்கவில்லை. குரொய்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறுகளில் இந்த விளையாட்டு நடப்பதாக நூலகத்துப் பெண் சொன்னாள். பூசை முடிந்ததும் 109 பஸ் எடுத்துப் போகிறேன், இதுவரை ஆறு ஞாயிறு போயாயிற்று. இம்மாகுலேற் தலையில் கைவைத்தாள். “எழுபத்தொரு வயசில உங்களுக்கு இதென்ன பைத்தியம், தம்பி விளையாடேக்க ரெண்டு தரம்தானே போனனீங்கள்” என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அங்கே வோல்ற்றர் என்று ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் கோச்சாக இருக்கிறார், முன்பு ரொறொன்ரோவில் இருந்தவராம். விளையாட்டுத் தொடங்குமுன் அவர் ஒரு நீண்ட மெல்லிய மட்டையால் நிலத்தோடு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துவிட, நாலு பேர் முறைவைத்துக் குனிந்து எடுக்கிறார்கள். ஒருவன் பிடித்தாலும் அவர் திட்டுகிறார். பிடித்தவனை ஏன் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன், பிடித்தது சரி, கால் வைத்தது பிழை, நாளைக்கு அதே காலால் தவறவிடுவான் என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. விடை சரியாக இருந்தும் வழி பிழை என்று உன் அப்பா புள்ளி வெட்டுவது ஞாபகம் வந்தது. (வோல்ற்றரின் ஆட்டக் குறிப்பேட்டில் கூட்டல் பிழை இரண்டு இருந்தது, காட்டினேன். அடுத்த ஞாயிறு பென்சிலை என் கையில் தந்துவிட்டார்.) மைதானத்தின் நாலு மூலைப் பேஸ்களில் நீ விளையாடிய அதே இரண்டாம் பேஸ் இடத்தில் நிற்பவனை மட்டும் ஒருநாள் முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு பந்து எறியும்போதும் அவன் குனிந்து ஆயத்தமாகிறான், ஒன்றும் வராவிட்டால் நிமிர்கிறான், மறுபடி குனிகிறான். ஜெபமாலை மணியில் எண்ணினேன், மாதா மன்னிக்கவேண்டும். நூற்று முப்பத்தாறு தரம் குனிந்தான், பந்து அவனிடம் வந்தது நாலு தரம்! உன் முழங்கால் போன வழி எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாம் பேஸ்காரன் பந்தை எடுத்து, அடித்தவனை அவுட்டாக்க முதலாம் பேஸுக்கு எறிகிறான், என் இரண்டாம் பேஸ்காரனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, இவனோ விழுந்தடித்து முதலாம் பேஸுக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத புல்லுக்குள் ஓடுகிறான். ஏன் என்று கேட்டேன். எறி தவறினால் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே அம்மா, நூறில் இரண்டு தவறும், மற்றத் தொண்ணூற்றெட்டுத் தரமும் சும்மா ஓடிவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான், ஒருவரும் கைதட்டமாட்டார்கள், இவங்களை அதற்கு ஓடவைக்கத்தான் என் தொண்டை போகிறது என்றார் வோல்ற்றர். எனக்கு அங்கேயே, மடிக்கதிரையில் இருந்தபடியே, 1983 நினைவுக்கு வந்தது. ஒறிகனில் உன் ஆட்டம் பார்க்க நானும் அப்பாவும் வந்தோமே, அன்று நீயும் இப்படித்தான் ஓடினாய். அன்றிரவுச் சாப்பாட்டில் உன்னோடு விளையாடும் இரண்டு பேருக்கு முன்னால், அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில், “என் மகன் பொறியியல் படிப்பை விட்டது பந்து இல்லாத இடத்துக்கு ஓடுவதற்கா” என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். நீ “ஓம் அம்மா” என்றுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாய். ஒரு வசனத்தில் விளக்கியிருக்கலாமே, ஏன் விளக்கவில்லை?

அதன்பின் அக்காவின் பிஸ்கட் ரின்னில் கிடந்த பத்திரிகைத் துண்டுகளையெல்லாம் அகராதியோடு வாசித்தேன். பெரிய லீக்கில் நீ இருந்தது நாற்பத்தொரு நாள், அது எனக்குத் தெரியும். தெரியாதது, 1989இல் உன் இடத்துக்கு வந்த அந்த டொமினிக்கன் ஆட்டக்காரன் பத்திரிகைக்குச் சொன்னது. எல்லாரும் வருமுன் காலையில் எமில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் நூறு பந்து உருட்டிவிட்டார், கால் வைக்கப் பழக்கியது அவர்தான் என்கிறான். அவன் தேறினால் உன் இடம் போகும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் சொல்லிக்கொடுத்தாய் மகனே? குறை சொல்லக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய ஆசையாக இருக்கிறது. உன்னை ஒருவரும் கேட்காமல், சம்பளமும் இல்லாமல் நீ செய்த வேலையைத்தானே இப்போது கிளப் கேட்கிறது?

இனிக் கடைசி விஷயம். 1979இல் நீ படிப்பை விட்டு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த கிழமை நான் புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். என் மகன் விளையாட்டை விட்டால் பதின்மூன்று றாத்தல் பாண் ஏழைகளுக்குக் கொடுப்பேன் என்று. ஒவ்வொரு வருடமும் யூன் பதின்மூன்றில் அதைப் புதுப்பித்தேன். நீ ஒவ்வொரு வசந்தமும் ஒரு கிளப்புக்காக மன்றாட, நான் இங்கே அதற்கு எதிராக மன்றாடியிருக்கிறேன், அந்தப் புனிதர் எங்கள் இருவருக்கும் நடுவில் என்ன பாடுபட்டாரோ. மார்ச்சில் என் வாயில் “நல்லது” வந்தது அதனால்தான். அது நல்லதாக இருக்கவில்லை, உன் மூச்சைக் கேட்டபோதே தெரிந்தது, திருப்பி எடுக்கத் தெரியவில்லை.

வாக்கு வாக்குத்தான். நேற்று முன்தினம் பெருநாளன்று பெனடிக்ற் காரில் கொண்டுபோய்ப் பதின்மூன்று பாணையும் கோயிலால் நடத்தும் ஏழைகள் விடுதியில் கொடுத்துவிட்டேன். அந்தோனியாருக்கு நன்றி என்று சொல்ல மனம் வரவில்லை, சொல்லவில்லை. பதினாலாவதாக ஒரு பாண் வாங்கினேன், அது நேர்த்தி அல்ல, என் தெண்டம். நேற்று அதை வெட்டி, உறைப்பாகச் செய்த சீனிச்சம்பல் பூசி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். வோல்ற்றர் ஒரு கடி கடித்துக் கண் கலங்கி என் பிளாஸ்கில் இருந்த தேநீர் முழுவதையும் குடித்து முடித்தார். இரண்டாம் பேஸ்காரனுக்கு மட்டும் இரண்டு துண்டு கொடுத்தேன்.

உனக்கு என்ன வேண்டும் என்று இந்த முறை நான் அந்தோனியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மொன்ரானாவோ கம்பளமோ, முடிவு உன்னுடையது. அந்தப் பழமொழியை மட்டும் காரணமாகச் சொல்லாதே, அதைச் சொன்னவள் திருப்பி எடுத்துக்கொள்கிறாள். முழங்காலுக்கு அக்கா அனுப்பும் எண்ணெயைச் சூடாக்கித் தடவு, ஐஸை மட்டும் நம்பாதே. செவ்வாய்க்கிழமைகளில் உன் காலை பத்து மணிக்கு நான் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன், யாரையும் எடுக்க விடமாட்டேன்.

மாதாவின் நிழல் உன்மேல் இருக்கட்டும், மேலே இருக்கும் அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் எப்போதும் உன்னோடு.

உன் அன்பு அம்மா,
திரேசம்மா சூசைதாசன்

பி.கு. ஒறிகனில் அன்று நீ முதலாம் பேஸுக்குப் பின்னால் ஓடினாயே, அந்த எறி தவறியதா, இல்லையா? நான் உன்னைத் திட்டுவதற்கு வசனம் யோசித்துக்கொண்டிருந்ததில் பந்தைப் பார்க்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். எழுது.