கப்பலேறிப் போன பென்சன்

செமோர், மலாயா,
1922 ஆகஸ்ட் 20

அன்பு மகன் சிரஞ்சீவி பத்துமலைக்கு அப்பா சின்னையா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகள் நல்லம்மாளும் உன் மாமனார் சன்னாசி அவர்களும் நாகப்பட்டினத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் கண்டு ஒரு கவலை தீர்ந்தது. இவ்விடத்து க்ஷேமத்தையும் வழக்கம்போல முதல் வரியிலேயே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, ஆடு இரண்டும் நன்றாக இருக்கின்றன, எனக்கு மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் இங்கே க்ஷேமம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு உரக்கப் படிக்கச் சொன்னாள். முதல் தாளைப் படித்தேன், கடைசித் தாளைப் படித்தேன், நடுத் தாளை மட்டும் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கே வெங்காயம் என்ன விலை என்று நானாக ஏதோ சொல்லி ஒப்பேற்றினேன். அந்த நடுத் தாளுக்குத்தான் இந்தப் பதில்.

பென்சன் ஏன் இங்கே நின்று உன் ஊருக்கு மாறியது என்று போன கடிதத்தில் உனக்குப் பாதிதான் எழுதினேன், ஆபீசில் ஏதோ குழப்பம் என்று. குழப்பம் ஆபீசில் இல்லை, என் தலையில் இருந்தது. நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் சரிதான். சென்ற மார்ச் மாதம் ஈப்போ பென்சன் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. பென்சன் வாங்குகிறவர் எங்கே குடியிருக்கிறார், அவருக்கு வேறு வருமானம் உண்டா என்று இரண்டே கேள்வி. அப்போது கடைத்தெருவெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வருமானத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள், இங்கேயும் பென்சன்காரன் கையில்தான் முதலில் கை வைப்பார்கள் என்று. நான் யார்? சர்வே ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் சங்கிலி பிடித்தவன். முதல் நாள் நாங்கள் போய்க் காட்டில் சங்கிலியை நீட்டி அளப்போம், கல் நடுவோம், கொஞ்ச நாளில் பின்னாலேயே தீர்வை கேட்டுத் தாள் வரும். எங்களைக் கண்டதும் ஜனங்கள் என்ன பொய்யெல்லாம் சொன்னார்கள் தெரியுமா, இது என் நிலமில்லை என்பான், நிலத்துக்காரன் ஊருக்குப் போய்விட்டான் என்பான், பலாமரத்தை மட்டும் என்னுடையது என்பான். அதையெல்லாம் கேட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். அந்த இரண்டு கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இப்போது சங்கிலியை என் வயிற்றின் மேல் நீட்டுகிறார்கள் என்று. பென்சனையும் இந்த இரண்டு ஏக்கர் ரப்பர் பால் மரத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து வரி தீட்டிவிடுவார்கள் என்று பயந்துபோனேன்.

நம் கடைக்கார மீரா சாஹிப்பிடம் போய்ச் சொன்னேன். அவரும் என்னைப்போலவே பயந்த மனிதர்தானே. "அண்ணே, ஊருக்குப் போயிட்டேன்னு எழுதிப் போட்டுருங்க லா. ஒங்க பையன் அங்க வாங்கி இங்க அனுப்பப் போறான், வரிக்காரன் ஒங்கள எங்கன்னு தேடுவான்?" என்றார். எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. ஈப்போவில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவனைப் பிடித்து, நான் என் மகனோடு நாகப்பட்டினத்தில் நிலையாகக் குடியேறிவிட்டேன், இனி பென்சனை அங்கே கொடுக்க வேண்டியது, எனக்கு வேறு வருமானம் கிடையாது என்று எழுதி, உன் விலாசத்தையும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். உன்னிடமும் கேட்கவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நிலம் அளக்கப் போன இடத்தில் ஜனங்கள் சொன்ன அதே பொய், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

ஏப்ரலில் பழக்கதோஷத்தில் ஆபீசுப் பக்கம் போனேன். பென்சன் கணக்கு எழுதும் கிராணி அப்பாவு உனக்குத் தெரியும், உன் அம்மா ஊர்க்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என்னாங்க அண்ணே, ஒங்க பேப்பரு கப்பலேறிப் போயிருச்சே. நீங்க இப்ப அங்கல்ல இருக்கீங்க?" என்றார். அவருக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டு அங்கே இருக்கிறேன் என்று சாதிக்க முடியுமா? எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பென்சனும் சம்பளம்போல வருமானம்தானாம், வரி என்று ஒன்று இருக்கிற ஊரில் அதுவும் கணக்கில் சேருமாம், ஆனால் மாதத்துக்கு மாதம் பிடுங்க மாட்டார்களாம், ஒரு வருஷத்து வருமானத்தை மொத்தமாகப் பார்த்து, இவ்வளவுக்கு மேல் போனால்தான் வரி என்று ஒரு கோடு போட்டிருப்பார்களாம். நிலத் தீர்வை அது பாட்டுக்குத் தனியாம். "பால் வெல இருக்கிற இருப்புல ஒங்க மரத்தையும் சேத்து, நீங்க ஏணி வச்சு ஏறுனாலும் அந்தக் கோட்டத் தொட மாட்டீங்க அண்ணே. ஒங்களுக்கு ஏதுண்ணே வரி?" என்றார். அந்தத் தாள் எதற்கு என்று கேட்டேன். இருப்பிடம் தெரிந்துகொள்ளத்தான் என்றார். நீயும் எழுதியிருக்கிறாய், அங்கேயும் வருஷத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே வரி இல்லை என்று கஜானாவில் சொன்னார்கள் என்று. ஆக இங்கே இல்லாத வரிக்குப் பயந்து, அங்கேயும் இல்லாத வரியிடம் பென்சனை அனுப்பிவைத்திருக்கிறேன். அன்றைக்கு ஈப்போ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன் பத்துமலை, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

திருப்பி வாங்க வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு அப்பாவு இரண்டு வழி சொன்னார். ஒன்று, நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று துரைக்கு மனு எழுதுவது. அவர் மனம் இரங்கினால் தாள் திரும்பி வர ஆறு மாதமோ எட்டு மாதமோ, இரங்காவிட்டால் பொய் சொன்னவனுக்குப் பென்சன் எதற்கு என்று ஒரேயடியாக நிறுத்தினாலும் நிறுத்தலாம். இன்னொன்று, நானே கப்பலேறி அங்கே வந்து கஜானாவில் நேரில் ஆளாக நின்று வாங்குவது. "போயி நின்னுட்டா நீங்க எழுதுனது உண்மையாயிரும்ல" என்றார். நான் இரண்டையும் விட்டுவிட்டு, ஆளே இல்லாமல் நீ வாங்கி அனுப்ப ஏதாவது வழி பார் என்று உனக்கு எழுதிப்போட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் ஓடிவிட்டது. பால் விலை கிடக்கிற கிடையில் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வெட்டுக்காரனுக்குக் கூலி கொடுத்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால் மரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். பக்கத்து எஸ்டேட்டிலும் பாதிப் பேரைச் சீட்டுக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் இரண்டு வேளையும். மீரா சாஹிப் அரிசி கொடுக்கிறார், கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் பென்சன் தேதியில் சட்டையைப் போட்டுக்கொண்டு ஈப்போ போகிறேன் என்று கிளம்பி, ஆற்றோரம் உட்கார்ந்துவிட்டு, ஆபீஸ் இடம் மாறுகிறது, அடுத்த மாதம் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

இந்த நிலையில்தான் உன் நடுத் தாள் வந்தது. உன் மாமனார் என் வயசு, என் உயரம், என் நிறம், அவரையே சின்னையா என்று கஜானாவில் நிறுத்தி என் கையெழுத்தைப் போடச் சொல்லி வாங்கிவிடலாம், அவரும் சரி என்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உயிர் வந்ததுபோல் இருந்தது. யாராவது ஏதாவது கேட்டால் சொல்வதற்காக, எந்த வருஷம் வேலையில் சேர்ந்தேன், எந்தத் துரையிடம் இருந்தேன் என்று சன்னாசிக்கு ஒரு தாளில் பாடம்கூட எழுதிவைத்தேன். அப்புறம் கை கழுவ உட்கார்ந்தேன், சொம்பை இடது கையில் வாங்கினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாரிட் புந்தார் பக்கம் சேற்றில் அளவுக் கோட்டுக்குக் காடு வெட்டிக்கொண்டு போனபோது என் பாராங்கத்தியே வழுக்கி என் இடது ஆள்காட்டி விரலை இரண்டு கணு எடுத்ததே, அது பென்சன் தாளில் அடையாளமாக ஏறியிருக்கிறது. மாதாமாதம் அப்பாவு வெள்ளிப் பணத்தை எண்ணி வைக்கும்போது என் இடது கையை ஒரு பார்வை பார்ப்பார், ஏதோ பரிதாபத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது அவர் வேலை என்று இப்போதுதான் புரிகிறது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தத் தாளின் அடியில் நீ நெருக்கி எழுதியிருந்த வரியை மறுபடி படித்தேன். உடம்பில் அடையாளம் ஏதாவது பதிந்திருந்தால் உடனே எழுதுங்கள், மாமா எதற்கும் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, என்ன நினைத்து எழுதினாய்? என் விரல் தாளில் ஏறியிருப்பது தெரியாமல், ஒரு தழும்பு, ஒரு மச்சம் என்று நினைத்திருப்பாய். நான் அந்த வரியை வைத்துக்கொண்டு பால் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பெற்ற மகனிடம் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நான் அதையும் யோசித்தேன். கிழவர்தானே, இடது கைதானே, நான் ஒரு விரல் இல்லாமல் இருபது வருஷம் ஓட்டவில்லையா என்று யோசித்தேன். கணு கணக்குக்கூடப் பார்த்தேன். வரிக்குப் பயந்த ஒரு மனிதன் எங்கே வந்து நிற்கிறான் பார். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, எழுந்து போய் அந்தப் பாடம் எழுதிய தாளை அடுப்பில் போட்டேன்.

போட்டுவிட்டுத் திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள். நடுத் தாளைப் படியுங்கள் என்றாள். படித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "ஈப்போ போனா எனக்கு வெத்தல வாங்காம வர மாட்டீங்க. நாலு மாசமா வெத்தலயக் காணோம், எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு என் இடது கையை எடுத்து, விரல் போன இடத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த மனுசன் வெரலு நமக்கு எதுக்குங்க? நீங்க போயி நில்லுங்க. மரத்த நான் வெட்டுறேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் பால் வெட்டினவள், உளியைத் தேடி எடுத்துத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், சத்தம் இங்கே கேட்கிறது. ஐம்பது வயசில் அவளை மறுபடி மரத்தடிக்கு அனுப்பிவிட்டேன் என்பதுதான் எனக்கு நெஞ்சை அறுக்கிறது.

ஆகையால் நான் புறப்படுகிறேன். மீரா சாஹிப் பினாங்கிலிருந்து டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்துக்கு அடுத்த கப்பலில் வருவேன். மூச்சு இருக்கிற இருப்பில் எட்டு நாள் தளத்தில் படுத்துக் கிடந்து வந்து சேர்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. இந்தப் பென்சன் என் மூச்சு இருக்கிற வரைதான், அதற்கப்புறம் உன் அம்மாவுக்கு ஒரு காசு கிடையாது, அதனாலேயே எப்படியாவது வந்து சேர வேண்டும். நான் வருவதற்குள் யாரும் என் பெயரைச் சொல்லிக் கஜானாப் பக்கம் போகக் கூடாது. வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்போதும் யாரையும் நிறுத்தாதே, செத்துப்போனார் என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அம்மாவை அழைத்து உன்னோடு வைத்துக்கொள். நீ மாமனார் வீட்டில் இருக்கிறாய், அம்மா வந்து இருப்பாள் என்று அவரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் சொல். இதற்காக நல்லம்மாளைக் கடுமையாகப் பேசாதே. அம்மாவுக்கு வாரம் தவறாமல் எழுது, மீரா சாஹிப் படித்துக் காட்டுவார், எந்தத் தாளையும் விடாமல் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். மறந்துவிடாதே, கப்பல் வரும் நாளில் சன்னாசி அவர்களையும் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. உன்னைப் பார்க்குமுன் அவர் கையைத்தான் பிடித்துப் பார்ப்பேன், பத்து விரலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மார்ச் மாதம் முதல் உன் வீட்டில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்த
உன் அப்பா,
சின்னையா